லேப் ஆபரேஷன் மேனேஜர் வேலையை எடுக்கலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்

பதினேழாம்மட்டை:

வணக்கம். மலேசியாவில், பஹாவில் ஒரு பரிசோதனை லேப்பில் 11 வருடமாக இருக்கிறேன். கடைவீட்டு வரிசையில் மேல்மாடி, கீழே டயர் கடை. சுற்றியுள்ள செம்பனை ஆலைகளிலிருந்து கச்சா எண்ணெய், பருப்பு, கழிவுநீர், பாய்லர் தண்ணீர் எல்லாம் வரும். உரக் கணக்குக்காகத் தோட்டங்கள் அனுப்புகிற இலையும் மண்ணும் வரும். (என் பெயருக்கு அர்த்தம் கேட்பவர்களுக்கு: செம்பனையில் இலை மாதிரியை 17-ஆவது மட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். சீசனில் அந்தப் பைகள் படிக்கட்டு வரைக்கும் கிடக்கும்.)

போன வாரம் முதலாளி கூப்பிட்டு, "ஆபரேஷன் மேனேஜர் வேலைய நீயே பாரும்மா" என்றார். இப்போது இருப்பவர் ஷா ஆலாமுக்குப் போகிறார். சம்பளம் 700 வெள்ளி (ரிங்கிட்) ஏறி 3,900 ஆகும், ஆனால் ஓவர்டைம் கிடையாது என்கிறார். கூட்டிக் கழித்தால் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு இரண்டு தயக்கம். நான் பொலிடெக்னிக் டிப்ளோமா. எனக்குக் கீழே வரப்போகிற ஐந்து பேரில் இரண்டு பேர் டிகிரி. அதில் ஒருவர் ஐகேஎம்மில் (மலேசிய வேதியியல் கழகம்) பதிந்த கெமிஸ்ட். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது அவர்தான், என்னைவிட 12 வயது மூத்தவர், இதுவரை "அண்ணே" என்றே கூப்பிட்டிருக்கிறேன். அவரிடம் போய் நான் எப்படி வேலை வாங்குவது?

இரண்டாவது, எனக்கு பெஞ்ச் வேலை பிடிக்கும். ப்யூரெட்டிலிருந்து கடைசித் துளி விழுந்து, இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் பாருங்கள், அதை விட்டுவிட்டு எக்ஸெல் முன்னால் உட்கார வேண்டுமா?

அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் 30 வருடம் பழம் வெட்டியவர். "மேனேஜர்னா துரையா? பங்களா குடுப்பானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். உண்மையில் இந்த வேலையில் தினமும் என்னதான் செய்வார்கள்?

லாபிஸ்காரன்:

வேலையைப் பற்றி எனக்குத் தெரியாது, தங்கச்சி. சம்பளக் கணக்கு மட்டும் சொல்கிறேன். மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டால் ஓவர்டைம் போய்விடும் என்பது பழைய கதை. 2023 ஜனவரி 1 முதல், தீபகற்பத்தில் வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால்தான் அந்த உரிமை போகும். 3,900 என்றால் நீங்கள் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம். முதலாளி தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

கிடங்குச்சாவி:

நான் குளுவாங் பக்கம். ஆலைகளுக்குச் சேவை செய்கிற லேப்பில் 9 வருடமாக இதே வேலை. பெரிதாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், இது துரை வேலை இல்லை, பெரட்டு எடுக்கிற வேலை (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது). காலை 7.30 மணிக்கு நான் லேப்பில் நின்றபடியே ஐந்து நிமிடம் பெரட்டு வைப்பேன். யார் வரவில்லை, நேற்று வந்த சாம்பிளில் எது இன்னும் தொடாமல் கிடக்கிறது, எந்த மெஷின் படுத்துவிட்டது, இன்றைக்கு எந்த ரிப்போர்ட் போக வேண்டும். அவ்வளவுதான். இந்த ஐந்து நிமிடத்தை விட்டால் மற்ற எட்டு மணி நேரமும் போனுக்குப் பதில் சொல்லியே போய்விடும்.

அப்புறம் நாள்காட்டி. பிஓடி (கழிவுநீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கும் சோதனை) போடுகிறவர் நீங்கள், உங்களுக்கே தெரியும்: நம் நாட்டில் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளவு பார்க்க வேண்டும். திங்கள் போட்டால் வியாழன், செவ்வாய் போட்டால் வெள்ளி, வெள்ளி போட்டால் திங்கள். புதன் போட்டால் சனி, வியாழன் போட்டால் ஞாயிறு. பெஞ்சில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை வந்து அளவு பார்ப்பது என் தலையெழுத்து என்று நினைத்தேன். மேனேஜர் ஆனதும் முதல் வேலையாக எல்லா ஆலைக்கும் போன் போட்டு, கழிவுநீர் போத்தலைத் திங்கள், செவ்வாய், வெள்ளி காலையில் மட்டும் ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொன்னேன். இரண்டு ஆலை முணுமுணுத்தது, மற்றவை சரி என்றன. ஞாயிறு வேலை அதோடு நின்றது. இதைப் பார்த்தவுடன்தான் என் ஆட்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. டிகிரி டிப்ளோமா எல்லாம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது கிடங்கு. என் பெயரே அதுதான். முதல் மாதம் முழுக்கக் கிடங்கிலேயே இருங்கள் என்பேன். ஹெக்சேன் எத்தனை போத்தல், ஒரு வாரத்தில் சாக்ஸ்லெட்டுக்கு (எண்ணெயைக் கரைத்துப் பிரிக்கும் கருவி) எவ்வளவு போகிறது, சப்ளையர் லோரி எந்தக் கிழமை வருகிறது. தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முன்னால் லோரி இரண்டு வாரம் காணாமல் போகும், அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், அதற்காக ஹெக்சேனை அளவுக்கு மீறி அடுக்கவும் கூடாது, அது பெட்ரோல் மாதிரி. காஸ்டிக் சோடா வாங்குவதற்கே பெர்மிட் வேண்டும், 1952 விஷச் சட்டத்தின் கீழ் 1962-இல் அதற்கென்றே தனி விதி போட்டிருக்கிறார்கள். அந்த பெர்மிட்டைப் புதுப்பிக்க ஒரு வருடம் மறந்துவிட்டேன். பக்கத்து லேப்பில் கடன் கேட்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கழிவும் அப்படித்தான். பயன்படுத்திய கரைப்பான், சிஓடி (கழிவுநீர் அழுக்கை வேதிப்பொருளால் அளக்கும் சோதனை) போட்ட பிறகு மிஞ்சுகிற பாதரசம் கலந்த அமிலம் எல்லாம் அட்டவணைக் கழிவு, அதாவது அரசு பட்டியலிட்ட அபாயக் கழிவு. 2005 விதிப்படி 180 நாள் அல்லது 20 டன், எது முன்னால் வருகிறதோ அதற்குள் வெளியேற்ற வேண்டும். நம்மைப் போன்ற சின்ன லேப்பில் 20 டன் எந்த ஜென்மத்திலும் சேராது, ஆனால் 180 நாள் சொல்லாமல் வந்து நிற்கும். டிரம்மில் முதல் சொட்டு ஊற்றிய தேதியை மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது நான் பட்ட அடியைச் சொல்கிறேன். வேலை எடுத்து எட்டாவது மாதம். ஓர் ஆலையின் எண்ணெய்க்கு எஃப்எஃப்ஏ (எண்ணெயில் தனியாகப் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம், சதவீதத்தில்) 5.15 என்று ரிப்போர்ட் போனது. 5-ஐத் தாண்டினால் விலையில் கழிப்பார்கள். ஆலை மேனேஜர் போனில் கத்தினார், "எங்க லேப்புல 4.9 தான் வருது" என்று. நாங்களும் முறுக்கிக்கொண்டு எங்கள் எண் சரி என்றோம். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் வைத்திருந்த மிச்ச சாம்பிளை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடை (அதே காஸ்டிக் சோடாதான்) கேஎச்பி என்ற தூய அமில உப்போடு புதிதாக நிலைப்படுத்தி, அதாவது அதன் உண்மையான வலுவைக் கண்டுபிடித்து, நானே டைட்ரேட் செய்தேன். 4.89.

போத்தலில் வலு 0.1 என்று லேபிள், உண்மையில் 0.095தான் இருந்தது. மூடி சரியாக இறுக்கவில்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து வலு குறைந்துவிட்டது. வலு குறைந்தால் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கும், கணக்கில் லேபிள் எண்ணையே போட்டால் எஃப்எஃப்ஏ கூடித் தெரியும். வாரம் ஒருமுறை நிலைப்படுத்திய பதிவு புத்தகத்தில் இருக்கிறது. நான்கு வாரமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் போட்ட கையெழுத்து. அந்தப் பையனைத் திட்டப் போனேன், பாதி வழியில் நின்றுவிட்டேன். நான்கு வாரமும் பக்கத்தின் அடியில் "சரிபார்த்தேன்" என்று போட்டிருந்தது என் கையெழுத்து.

ஆலையைக் கூப்பிட்டுத் தப்பு எங்களுடையது என்று சொன்னேன். திருத்திய ரிப்போர்ட், திருத்தியது என்று தெளிவாக எழுதியே போனது. அதோடு விடாமல், அதே போத்தலால் போட்ட மற்ற எண்ணெய் சாம்பிள் அத்தனையையும் தேடி எடுத்தோம், மூன்று நாள் வேலை. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆலை இன்றும் எங்களிடம்தான் வருகிறது.

ஆலை கத்தியபோது எங்கள் எண் தப்பு, அதனால் மாற்றினோம். எண் சரியாக இருக்கும்போதும் கத்துவார்கள், அப்போது மாற்றச் சொல்லி உங்களுக்குத்தான் போன் வரும். கழிவுநீர் பிஓடி 100-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 118 வந்தால், "கொஞ்சம் பாத்து போடும்மா" என்பார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் கையெழுத்து அண்ணன் உங்களுக்குக் கவசம். 1975 கெமிஸ்ட் சட்டப்படி கையெழுத்துக்கு அவர் பொறுப்பு, அந்த எண்ணில் நீங்களும் கை வைக்க முடியாது, முதலாளியும் முடியாது. அவருக்கு நல்ல தண்ணீர், சரியான தராசு, வேண்டிய நேரம் எல்லாம் கிடைக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. இப்படிப் பிரித்துக்கொண்டால் யார் யாரிடம் வேலை வாங்குவது என்ற பேச்சே வராது. லேப்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரவிதியின் 2017 பதிப்பில் டெக்னிக்கல் மேனேஜர், குவாலிட்டி மேனேஜர் என்று பதவிப் பெயரே கேட்கவில்லை, யாருக்கு எந்தப் பொறுப்பு, எந்த அதிகாரம் என்றுதான் எழுதச் சொல்கிறது. எழுதி வாங்குங்கள். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்துகிற, ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கிற அதிகாரம் உங்களுக்கு உண்டு என்ற வரி அதில் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். 700 வெள்ளி எங்கேயும் கிடைக்கும்.

பெஞ்சை விட வேண்டியதுதான். முதல் ஆறு மாதம் கை அரிக்கும், அப்புறம் பழகிவிடும்.

பழையசோற்றுமூட்டை:

ஆலை லேப்பில் 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிடங்குச்சாவி அம்மா சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெஞ்சை முழுசாக விடாதே மகளே. வாரத்தில் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், ஏற்கெனவே முடிந்த சாம்பிள் ஒன்றை வேறு நம்பர் போட்டு உள்ளே அனுப்பு. அதே சாம்பிளை நீயும் தனியாகப் போடு. இரண்டு எண்ணும் ஒட்டி வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போ. அந்த அம்மாவின் 0.095 போத்தல் முதல் வாரத்திலேயே மாட்டியிருக்கும்.

இன்னொன்று. சாம்பிள் வாங்கி வைக்கிற பிள்ளைக்குத்தான் எல்லா இடத்திலும் குறைந்த சம்பளம் கொடுக்கிறார்கள். மூடி கசிந்த போத்தல், தேதி எழுதாத பை, டிரைவர் காரில் இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்த கழிவுநீர், இதையெல்லாம் வாசலிலேயே "வேண்டாம், திரும்ப எடுத்துப் போங்க" என்று சொல்லத் தைரியம் வேண்டும். அந்தப் பிள்ளை திருப்பி அனுப்பினால் நீ அவள் பக்கம் நில். வாசலில் கெட்டது உள்ளே எவ்வளவு பெரிய மெஷினில் போட்டாலும் கெட்டதுதான்.

கிடங்குச்சாவி:

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். நம்பர் மாற்றி அனுப்புவதை நாளையே ஆரம்பிக்கிறேன். என் ஆட்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

பதினேழாம்மட்டை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று முதலாளியிடம் பேசினேன். ஓவர்டைம் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் அக்கவுண்ட் அக்காவிடம் கேட்டுவிட்டு வந்தார். "சரி, ஓவர்டைம் கணக்கு போட்டுக்கோ, ஆனா ஞாயித்துக்கிழமையைக் குறை" என்றார். பிஓடி கிழமைகளைச் சொன்னேன். எத்தனை ஆலை சம்மதிக்கும் என்று கேட்டார், எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கிற வரியைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன், "நான் கேக்கணும்னு இருந்தேன், இந்தப் பொண்ணு கேட்டுடுச்சு" என்றார். கடிதம் வெள்ளிக்கிழமை வருமாம். கிடங்குச் சாவியை இன்றே கொடுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தால், மூலையில் தேதி எழுதாத டிரம் மூன்று.