பூட்டோடு வந்த பழைய லேப்டாப்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

அக்கா மகள் இந்த வருடம் பி.காம். சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய லெனோவோ திங்க்பேட் டி470 லேப்டாப் ஒன்றை அக்காவே போய் வாங்கி வந்துவிட்டார். "மாமா, கணக்கு பழக இதுல டேலி போட்டுக் கொடுங்க" என்று என்னிடம் கொண்டுவந்தாள். பார்க்க நல்ல மிஷின்தான். ஸ்பேஸ் பாரில் மட்டும் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பளபளத்தது.

பழைய கம்ப்யூட்டர் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பயாஸைத்தான், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பை. ஆன் செய்ததும் எஃப்1 தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. எஃப்12 தட்டினால் பென் டிரைவ் தேர்ந்தெடுக்கும் பட்டியலே வரவில்லை. ஆனால் விண்டோஸ் 10 ஒரு தடையும் இல்லாமல் திறந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தால் அடிப்பக்க ஸ்க்ரூக்களில் டிரைவர் வழுக்கிய கீறல்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கை (எஸ்எஸ்டி) கழற்றி, வேறொரு மிஷினில் வைத்து விண்டோஸ் ஏற்றி, திரும்ப இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"அதான் ஓபன் ஆகுதே, அப்புறம் என்ன?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் வாங்குகிற பலரும் இந்த இடத்தில்தான் திருப்திப்பட்டு நின்றுவிடுகிறார்கள்.

பூட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை, டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண் கேட்டால், அந்த எண் பழைய உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ அவருடைய கம்பெனியிலோ இருக்கும். உள்ளே இருப்பது நமக்கு வேண்டாதது, துடைத்தால் போயிற்று. பயாஸ் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, அதாவது இந்த மிஷின் எஃப்1 தட்டியதும் கேட்டது, அப்படியல்ல. டெஸ்க்டாப்பில் போர்டில் இருக்கும் காசு அளவு சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டும் வித்தை இங்கே செல்லாது. இந்த மாதிரி ஆபீஸ் லேப்டாப்களில் அது மதர்போர்டில் தனி சிப்பில் பதிந்திருக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. மறந்துவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் வழி. நாளைக்கு எஸ்எஸ்டி போய்விட்டாலோ, விண்டோஸ் படுத்துவிட்டாலோ, பென் டிரைவில் பூட் செய்ய முடியாமல் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆட்டோபைலட். கம்பெனி தன் லேப்டாப்பின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைத்திருந்தால், விண்டோஸைப் புதிதாக ஏற்றி இன்டர்நெட் கொடுத்ததும் அந்தக் கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். அந்தப் பதிவை நீக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினால் இந்தத் தொல்லை தலைகாட்டாது. ஆனால் மிஷின் உண்மையிலேயே கைமாறியதா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் "சிப்புல புரோகிராம் பண்ணி லாக் எடுத்துத் தந்துடறேன் சார், சாயங்காலம் வாங்க" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "லாக் எடுக்கிறது இருக்கட்டும் தம்பி, இது எங்கிருந்து வந்தது? சீரியல் நம்பர் போட்ட பேப்பர் இருக்கா?" என்று கேட்டேன். பெங்களூரில் லாட்டாக எடுத்தது என்றார், பேப்பர் இல்லை. கம்பெனிகள் கழித்துப் போடும் லாட்டில் பூட்டை எடுக்க மறந்துபோவது சகஜம்தான், எல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் குற்றம். படிக்கிற பிள்ளை கையில் அந்தச் சந்தேகத்தோடு ஒரு பொருளைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து டி480 ஒன்றை மாற்றி வாங்கினோம். இந்த முறை கடை கவுண்டரிலேயே எல்லாம் பார்த்தேன். எஃப்1 போட்டதும் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போனது. எஃப்12 போட்டால் என் பென் டிரைவ் பெயர் பட்டியலில் வந்தது. அதிலிருந்தே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை லைவாக, அதாவது டிஸ்க்கில் ஏற்றாமலே, ஓட்டி வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், பேட்டரி நிலைமை எல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் அங்கேயே விண்டோஸைப் புதிதாக ஏற்றி என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். எந்தக் கம்பெனிப் பெயரும் வரவில்லை. கடைக்காரர் பொறுமையாக நின்றார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பில்லில் சீரியல் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

டி480 எடுத்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். டி470-இல் இருப்பது ஆறு, ஏழாம் தலைமுறை. எனக்கு லினக்ஸ்தான் பிடிக்கும், வீட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் பாப்பாவுக்கு வேண்டியது டேலிபிரைம், அது விண்டோஸுக்கென்றே செய்தது. அதனால் விண்டோஸ் 11. லைசென்ஸ் கீ பயாஸிலேயே இருந்ததால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. என் ஆசைக்காக அவள் பாடத்தில் கை வைக்கக் கூடாது.

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து:

நல்ல பதிவு அண்ணா. எங்கள் கதை நேர் எதிர். எஸ்டேட் ஆபீஸுக்கு டவுனிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப் வந்தது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். அதிலும் பயாஸ் பாஸ்வேர்டு. முன்பு வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் என்பதால் போன் போட்டுக் கேட்டேன். அவருக்கே மறந்துவிட்டது, "நீங்களே எடுத்துக்கோங்க" என்றார். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, போர்டில் பாஸ்வேர்டை அழிப்பதற்கென்று இருக்கும் ஜம்பரை மாற்றிப் போட்டதும் பாஸ்வேர்டு போய்விட்டது. அந்தப் பேட்டரியும் தீர்ந்துபோய்த்தான் இருந்தது, புதிதாக ஒன்று போட்டேன். இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி தப்பாகி, பிரவுசரில் எந்த சைட்டும் திறக்காது. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

விண்டோஸ் 11-க்கு வழியே இல்லாத மிஷின். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போட்டேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஆள்கூலிக் கணக்கு, மிளகு, காபி எடை எல்லாம் எக்ஸெல் மாதிரியான லிப்ரேஆபீஸ் கால்க்கில் ஓடுகிறது. எஸ்டேட் கணக்கு எழுதும் எங்கள் ரைட்டர் அம்மாவுக்கு ஐகான் இருக்கும் இடம் மாறியதைத் தவிர வித்தியாசமே தெரியவில்லை.

உண்மையான சண்டை பிரின்டரோடுதான். பாதி ஆபீஸ்களில் இருக்கும் அதே கேனான் எல்பிபி2900. அது கேனானின் சொந்த முறையில் பேசுகிற பிரின்டர், லினக்ஸில் செருகியதும் வேலை செய்யாது. தனி டிரைவர் தேடிப் போட்டுப் பல நாள் மல்லுக்கட்டினேன். ஓடும், அடுத்த அப்டேட்டில் நிற்கும். இப்போது பிடிஎஃப் ஆக்கி, பக்கத்து டேபிளில் இருக்கும் விண்டோஸ் மிஷினில் பிரின்ட் எடுக்கிறோம். லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் முதலில் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டி, உங்கள் பிரின்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்களும் அப்படியே.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

நான் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, வெள்ளிக்கொலுசுக் கடைகளின் பெட்டி டிசைன். பழைய ஃபைல் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருக்களில் கோரல்டிராவில் கிடக்கிறது, அதனால் எனக்கு விண்டோஸை விட வழியில்லை. நான் சொல்ல வந்தது மேக்புக் பற்றி. தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார், ஆசையாக இருந்தது. 2018 முதல் வந்த, ஆப்பிளின் டி2 பாதுகாப்பு சிப் உள்ளவை, எம்1 சிப் முதல் வந்தவை எல்லாவற்றிலும் ஆக்டிவேஷன் லாக் உண்டு. 'ஃபைண்ட் மை' என்ற, தொலைந்ததைத் தேடும் வசதி ஆனில் இருந்தால், துடைத்தாலும் பழைய ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். முதலில் வாங்கிய பில் இருந்தால் ஆப்பிளிடம் விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் எதற்கும் உதவாத வெறும் பெட்டிதான். விற்றவரை என் எதிரிலேயே 'ஃபைண்ட் மை' அணைத்து, கணக்கை வெளியேற்றி, முழுதாக அழித்துக் கொடுக்கச் சொன்னேன். முதல் திரை 'ஹலோ' என்று வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

நாகலூர் தம்பிக்கு ஒரு கேள்வி: மின்ட்டில் தமிழ் டைப்பிங் எப்படி? என் மனைவி தமிழ்99 கீபோர்டு முறை பழகியவர், அவருக்கு ஒரு மிஷின் போட வேண்டும்.

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து:

சுலபம்தான் அண்ணா. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடிப் போடுங்கள், ஒருமுறை லாக்அவுட் செய்து வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைத் திறந்தால் தமிழ்99 பட்டியலில் இருக்கும். யூனிகோடில்தான் வரும், பாமினி ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதை முதலில் மாற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.