ஸ்டிக்கர் ஒட்டினால் இரவு முழுக்க எஞ்சினை ஓட விடலாமாம்! ஆர் சொன்னது?

கிளிநொச்சிக்காரன்:
எங்கட ட்ரக் வாட்ஸ்அப் குழுவில ஒருத்தர் குரல் பதிவு போட்டிருக்கிறார். கலிபோர்னியாவில ஹூட்டில (முன்னால இருக்கிற எஞ்சின் மூடியில) "கிளீன் ஐடில்" ஸ்டிக்கர், அதாவது நிண்ட இடத்தில சும்மா ஓடினாலும் (ஐடில்) எஞ்சின் நச்சுப்புகை குறைவா விடும் எண்ட சான்று இருந்தால், எங்க வேணுமெண்டாலும் எஞ்சினை ஓட விட்டிட்டு விடிய விடிய நித்திரை கொள்ளலாமாம். புதுசா லைசென்ஸ் எடுத்த பெடியள் அதைக் கேட்டுக் கைதட்டுறாங்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமில்லை. வீடுகள் இருக்கிற காணியில இருந்து 100 அடிக்குள்ள நிண்டால் ஸ்டிக்கரும் காப்பாத்தாது, அவற்ற குரல் பதிவும் காப்பாத்தாது. அபராதம் 300 டொலரில தொடங்கும். 100 அடி. எழுதி வையுங்கோ.

மதுரை_18சக்கரம்:
அந்த வாய்ஸ் போட்டது நான்தான். பேரைச் சொல்லாம முதுகுக்குப் பின்னாடி பேசுறது உங்களுக்கு என்ன புதுசா? நான் ஃப்ரெஸ்னோவுலயே குடியிருக்கேன், நீங்க டொரண்டோலருந்து லோடு ஏத்த வந்துட்டுப் போறவரு. ஸ்டிக்கரை என்ன அழகுக்கா ஒட்டியிருக்கான்? ஐடில்ல நைட்ரஜன் ஆக்சைடு மணிக்கு 30 கிராமைத் தாண்டாத எஞ்சினுக்குத்தான் அது கிடைக்கும். அந்தச் சான்று இல்லாத, 2008லயோ அதுக்கு அப்புறமோ வந்த எஞ்சினா இருந்தா அஞ்சு நிமிஷத்துல தானா அணைஞ்சிரும். ஸ்டிக்கர் இருந்தா அந்த அஞ்சு நிமிஷக் கணக்கே நமக்குக் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

கிளிநொச்சிக்காரன்:
அஞ்சு நிமிசத்தைப் பற்றி ஆர் இங்க கதைச்சது? நான் கதைச்சது 100 அடி.

மதுரை_18சக்கரம்:
எதுலருந்து 100 அடி? பம்பர்லருந்தா, புகைக்குழாய்லருந்தா? வீட்டு வாசப்படி வரைக்குமா, காம்பவுண்டு வரைக்குமா? அளந்து பாத்திருக்கீங்களா?

குளிர்காற்று:
ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு முன்னாடி விதியைப் படிக்கலாமே. "தடைசெய்யப்பட்ட பகுதி"ன்னா குடியிருப்புக்குன்னு ஒதுக்கி, அதுல வீடும் கட்டியிருக்கிற நிலம். கதவு இல்ல, நிலம். இதுல குழப்பமே இல்ல. ஆனா இந்தத் தலைவலியே வேண்டாம்னா பேட்டரி ஏசி போட்டுக்கோங்க. எஞ்சினும் ஓட வேண்டாம், அடியும் அளக்க வேண்டாம்.

கிளிநொச்சிக்காரன்:
வந்திட்டார் பற்றறி யாவாரி. தை மாசம் "மைனஸ் இருவதிலயும் வேலை செய்யும்" எண்டு நீர் சொன்னதை நம்பி வாங்கின என்ர மச்சான் விடியப்புறம் பல்லுக் கிட்டி எழும்பினவன். அதுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை.

குளிர்காற்று:
நான் எதையும் விக்கல. குளிருக்கு டீசல் பங்க் ஹீட்டர் (படுக்கையைச் சூடாக்குற கருவி) தனியா வேணும்னு அதே பதிவுலயே எழுதியிருந்தேன். உங்க மச்சான் பாதி படிச்சிட்டு வாங்கினதுக்கு நான் பொறுப்பா?

மதுரை_18சக்கரம்:
நிலமாம். சரி, அப்ப மோட்டல்? மோட்டல்லயும் மனுஷன்தான படுக்கிறான். அதுக்குப் பக்கத்துல நின்னா?

குளிர்காற்று:
குடியிருப்புக்குன்னு ஒதுக்கின நிலம்னு இப்பத்தான சொன்னேன்?

மதுரை_18சக்கரம்:
அதான் கேக்குறேன், மோட்டல்?

கிளிநொச்சிக்காரன்:
மோட்டலை விடும். நீர் குரல் பதிவில சொன்னது "எங்க வேணுமெண்டாலும்". அதைப் பிழையெண்டு சொல்லும். டீசல் ஏபியு (படுக்கிற நேரம் குளிர், மின்சாரம் குடுக்கிற சின்னத் துணை எஞ்சின்) பூட்டியிருந்தாலும் வீட்டுக் காணியில இருந்து 100 அடிக்குள்ள அதில குளிர் போட்டுப் படுக்கேலாது. சின்ன எஞ்சினுக்கே அந்தச் சட்டமெண்டால் பெரிய எஞ்சினுக்கு?

நாமக்கல்_டேங்கர்:
அண்ணன்மாரே, உங்க பேச்சைப் படிச்சா சிரிப்பா வருது. இங்க 2025 அக்டோபர் 1லருந்து தயாராகிற, மூணரை டன்னுக்கு மேல உள்ள சரக்கு வண்டிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு சட்டம் வந்துருச்சு. அது எஞ்சின் ஓடினாத்தான் குளிரும். ராத்திரி ஓட விட்டா டீசல் கணக்குல ஓனர் என் பேட்டாவைப் பிடிப்பாரு. நாங்க லாரிக்கு அடியில தார்ப்பாயை விரிச்சுப் படுக்கிற ஆளுங்க. உங்களுக்கு மெத்தை போட்ட கேபினு, அதுல அடிக்கணக்கு வேற.

மதுரை_18சக்கரம்:
தம்பி, ஆகஸ்ட்ல ஃப்ரெஸ்னோவுக்கு வந்து பாருங்க. ராத்திரி பத்து மணிக்கும் ஸ்லீப்பர் (கேபின்ல படுக்கிற இடம்) சுவத்துல கை வச்சா தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். ஜன்னலைத் திறந்தா கொசு, பக்கத்து வண்டி புகை, போதாததுக்குத் திருட்டுப் பயம். இறங்கித் தார்ப்பாய் விரிச்சா போலீஸ் வந்துருவான்.

நாமக்கல்_டேங்கர்:
நாங்க வெயிலே பாக்காதவங்க பாருங்க. விஜயவாடாவுல மே மாசம் நின்னிருக்கீங்களா?

கிளிநொச்சிக்காரன்:
விஜயவாடாவுக்கு வேற திரி திறவுங்கோ. இங்க கேள்வி 100 அடி.

மதுரை_18சக்கரம்:
நூறு நூறுன்னு மந்திரம் மாதிரி ஓதுறீங்களே, நீங்க சலினாஸ்ல லெட்டூஸ் ஏத்திக்கிட்டு ரீஃபர்தான (சரக்கைக் குளிர வைக்கிற டிரெய்லர்) ஓட்டுறீங்க? ராத்திரி பூரா உங்க டிரெய்லர் மூஞ்சியில டீசல் யூனிட் உறுமுதே, அது எத்தனை அடி? பக்கத்துல படுத்தவன் தூங்குனானான்னு எப்பவாச்சும் எட்டிப் பாத்திருக்கீங்களா?

கிளிநொச்சிக்காரன்:
அது வேற சட்டம். லெட்டூஸ் வாடினால் நீர் காசு கட்டுவீரோ?

மதுரை_18சக்கரம்:
அப்ப கீரைக்கு உள்ள மரியாதை டிரைவருக்கு இல்ல. அருமை.

குயின்ஸ்_ரெண்டாம்மாடி:
டிரைவர் கஷ்டத்தையே பேசுறீங்க, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களும் மனுஷங்கதான். எங்க தெருவுல டெலிவரி லாரி எஞ்சினை ஓட விட்டுட்டு அரை மணி நேரம் நிக்குது. பையனுக்கு வீசிங். நியூயார்க் நகரத்துல மூணு நிமிஷம்தான், பள்ளிக்கூடத்தை ஒட்டின இடம்னா ஒரு நிமிஷம். நான் வீடியோ எடுத்துப் புகார் குடுக்கிறேன். குடுத்துக்கிட்டேதான் இருப்பேன்.

மதுரை_18சக்கரம்:
அபராதத்துல நாலுல ஒரு பங்கு உங்களுக்கு வருமே, அதைச் சொல்லலையே மேடம்? 350 டாலருக்கு எண்பத்தேழரை. பையன் வீசிங்கா, பர்ஸ் வீசிங்கா?

குயின்ஸ்_ரெண்டாம்மாடி:
வருது, வாங்குறேன். நகரமே சட்டப்படி குடுக்குது, ஒளிச்சு ஒண்ணும் வாங்கல. குழந்தையை இழுத்துப் பேசினதுக்கு மட்டும் வெக்கப்படுங்க.

கிளிநொச்சிக்காரன்:
தங்கச்சி, நீங்கள் சொல்லுறது நகரத்துக்குள்ள நிக்கிற லொறி. நாங்கள் சொல்லுறது பத்து மணித்தியாலக் கட்டாய ஓய்வில நிக்கிற ட்ரக். அங்க 100 அடி...

குயின்ஸ்_ரெண்டாம்மாடி:
தங்கச்சின்னு கூப்பிட வேண்டாம். எனக்கு உங்களைத் தெரியாது.

நாமக்கல்_டேங்கர்:
வீடியோ எடுத்தா காசு குடுப்பாங்களா? எங்க ஊருக்கு அந்தத் திட்டம் வந்தா நான் வண்டியை வித்துட்டு போன் வாங்கிருவேன்.

குளிர்காற்று:
உண்மையான சிக்கல் இதுல எதுவுமே இல்ல. பொழுது சாஞ்சா டிரக் ஸ்டாப்புல இடம் கிடையாது. பதினோரு மணி நேரம் ஓட்டி முடிச்சவன் கிடைச்ச தெருவோரத்துல ஒதுங்குறான், அது வீட்டுப் பக்கமா அமைஞ்சிருது. தப்புன்னு தெரிஞ்சாலும் பத்து மணி நேர ஓய்வு முடியாம வண்டியை எடுக்க முடியாது, ஓட்டுற நேரத்தைப் பதியிற மின்னணுப் பதிவேடு காட்டிக் குடுத்திரும்.

கிளிநொச்சிக்காரன்:
பிழை. பொலிஸ் வந்து எடு எண்டு சொன்னால் எடுக்கலாம், சொந்தப் பாவனை எண்டு பதியலாம், ஓய்வு முறியாது. நீர் பற்றறியைத் தவிர வேற ஒண்டும் வாசிக்கிறேல்லைப் போல.

குளிர்காற்று:
அதிகாரி சொன்னாத்தான். அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்களா நகத்தினா?

கிளிநொச்சிக்காரன்:
அதிகாரி வரமுந்தி ஏன் நகத்துவான்? 100 அடிக்கு அங்கால நிண்டால் அந்த அதிகாரிக்கு என்ன வேலை?

மதுரை_18சக்கரம்:
இவருக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் 100 அடியிலதான் வந்து நிக்கும். அண்ணே, நீங்க சொந்த வண்டிக்காரர், டீசல் உங்க காசு. மணிக்கு 0.8 கேலன் போகுதேன்னு வயித்தெரிச்சல். அதை மறைக்கச் சட்டம் பேசுறீங்க.

கிளிநொச்சிக்காரன்:
0.8 ஆ? குளிர் போட்டால் ஒரு கேலன் எரிக்கும். நீர் கொம்பனி டிரைவர், எரிஞ்சால் உமக்கென்ன?

மதுரை_18சக்கரம்:
எனக்கென்னவா? ஐடில் சதவீதம் ஏறினா போனஸை வெட்டுறான் எங்க கம்பெனிக்காரன். தெரியாமப் பேசாதீங்க. அப்புறம் 0.8தான். ஒரு கேலன் இல்ல.

குளிர்காற்று:
ஆர்பிஎம்மை (எஞ்சின் சுத்துற வேகம்) பொறுத்தது. கூட்டி வச்சா ஒரு கேலன் போகும். ரெண்டும் சரி.

மதுரை_18சக்கரம்:
ரெண்டும் சரின்னு ஒண்ணு கிடையாது. 0.8.

கிளிநொச்சிக்காரன்:
கேலனை விடும். வெள்ளிக்கிழமை நான் ஒன்ராறியோ வாறன். கனடா ஒன்ராறியோ இல்லை, உங்கட கலிபோர்னியாவில கிடக்கிறது. டேப் கொண்டு வாறன். உம்மட ட்ரக்கை நீர் வழக்கமா விடுற தெருவில விடும், அந்த வீட்டு வேலியில இருந்து அளந்து படம் எடுத்துப் போடுவம்.

மதுரை_18சக்கரம்:
வாங்க. உங்க ரீஃபரை அணைச்சிட்டு வாங்க.

நாமக்கல்_டேங்கர்:
டேப்பை யாரு பிடிக்கிறது? புகைக்குழாய்லருந்தா பம்பர்லருந்தா?

குளிர்காற்று:
நிலத்தோட எல்லைலருந்துன்னு மேலயே...

மதுரை_18சக்கரம்:
மோட்டலுக்கு இன்னும் பதில் வரல.