மறு: மறு: ‘ரிமூவ்டு கஸ்டமைசேஷன்ஸ்’ – தமிழில் என்ன?

நண்பர்களே, வணக்கம்.
நம் மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பை நாளை இரவுக்குள் அனுப்ப வேண்டும். புதிய பதிப்பில் கருவிப்பட்டையை இடம் மாற்றுவது, படவுருக்களைச் சிறிதாக்குவது, தாவல்களைக் கீழே வைப்பது மூன்றையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலுக்குத் தலைப்பு வேண்டும். ‘நீங்கிய தனிப்பயனாக்கங்கள்’ சரிதானா?
– க.

> நீங்கிய தனிப்பயனாக்கங்கள்

நீங்கியதா, நீக்கியதா? பனி நீங்கும், நோய் நீங்கும், அது தன்வினை. கருவிப்பட்டை தானாகவா எழுந்து போனது? யாரோ உட்கார்ந்து நிரலை வெட்டியிருக்கிறார். மெல்லினத்தின் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள வேண்டாம். ‘நீக்கிய’ என்றே எழுதுங்கள். அப்புறம், ‘தனிப்பயனாக்கம்’ எனக்கு ஒப்பாத சொல். பயனா மாறுகிறது? அமைவுதானே. ‘தன்னமைவு’ போதும்.
– சு.

அன்பர்களே, நன்னூலார் வழி காட்டியிருக்க நாம் ஏன் அலைகிறோம்? ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’. ஆகவே ‘தன்னமைவுக் கழிவு’. இன்னொரு நயமும் உண்டு. ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்றும் அவரே சொல்கிறார். கழிபேருவகை என்கிறோம் அல்லவா? மிகுதியும் கழி, போக்கும் கழி. மிகுந்தது கழியும் என்பதை ஒரே சொல்லில் அடக்கிய மொழி இது! கடலோரக் கழிக்கும் இதற்கும் உள்ள உறவைத் தனி மடலில் எழுதுகிறேன்.
– புலவர்

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘கழிவு’ என்று திரையில் கண்டால் என் மாணவர்கள் குப்பை என்பார்கள். கடைக்காரர் தள்ளுபடி என்பார். தவிர, கழிதலும் தன்வினைதான். புதியன புகுதல்? பொத்தான்களுக்கு நடுவே காலியிடம்தான் புகுந்திருக்கிறது. பிள்ளைகள் ‘ஆப்ஷனைத் தூக்கிட்டாங்க’ என்கிறார்கள். எழுவாய் தொக்கி நின்றாலும் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுக்கிறது, பாருங்கள்.
– மீ.

நிரல் எழுதுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆம்/இல்லை என்று பத்துத் தெரிவுகள் இருந்தால் 1024 சேர்க்கைகள். அத்தனையையும் யார் சோதிப்பது? யாரும் ஒளியவில்லை, ஆள் போதவில்லை.
– ரா.

ரா., ஆள் போதாத இடத்தில் மட்டுமா இது நடக்கிறது? விண்டோஸ் 95 காலம் முதல் பணிப்பட்டையைத் திரையின் எந்த விளிம்புக்கும் நகர்த்த முடிந்தது; 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது அது கீழ் விளிம்போடு நின்றுவிட்டது. 2011இல் லினக்ஸின் பணிமேடைச் சூழலான க்னோம் 3 பல அமைப்புகளைக் கைவிட்டபோது, பொறுக்காதவர்கள் க்னோம் 2இன் நிரலை எடுத்து மாட்டே என்று தனியே வளர்த்தார்கள். ‘யாரும் பயன்படுத்துவதில்லை’ என்று நீக்குபவர்கள் காட்டும் கணக்கையும் நான் நம்புவதில்லை. அமைப்புகளுக்குள் நுழைந்து தோண்டுகிறவர்தான் பயன்பாட்டுத் தரவு அனுப்புவதையும் முதலில் நிறுத்தி வைப்பவர். கணக்கெடுப்பில் அவர் எப்படித் தெரிவார்?
– சு.

எனக்குப் பார்வை மங்கல். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, தடித்த சுருள்பட்டை என்று அமைத்து வைத்திருந்தேன். ஒரு புதுப்பிப்பில் சுருள்பட்டை நூலாக இளைத்துவிட்டது. சுட்டியால் பிடிக்கவே முடியவில்லை. மாற்றும் இடத்தையும் காணோம். உங்கள் சொல் எதுவானாலும் சரி, நான் தேடும்போது அகப்பட வேண்டும். உதவிப் பக்கங்களில் ‘தனிப்பயனாக்கம்’ என்றுதான் இருக்கிறது. ‘தன்னமைவு’ என்று நான் ஏன் தேடப்போகிறேன்?
– வே.

வே. சொல்வதை ஏற்கிறேன். நேரமும் இல்லை. ‘நீக்கப்பட்ட தனிப்பயனாக்க வசதிகள்’ என்று அனுப்புகிறேன். மீ., ரா. இருவரும் சரி என்றுவிட்டார்கள். தன்னமைவை அடுத்த பதிப்பின்போது பேசுவோம்.
– க.

தன்னமைவை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘படு’ சேர்த்து ஆளை மறுபடி மறைத்துவிட்டீர்களே! ‘நாங்கள் நீக்கிய வசதிகள்’ என்று எழுத என்ன தயக்கம்? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.
– சு.