புளியங்கொட்டை வச்சு மக்கள் அடர்த்தி பாடம், ஐடியா வேணும்

டீச்சர்ஸ் யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க. எட்டாம் கிளாஸ்க்கு மக்கள் அடர்த்தி எடுக்க தரையில சாக்பீஸ்ல ஒரே சைஸ்ல மூணு கட்டம் போட்டு, ஒரு கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர், 10 பேருக்கு ஒரு புளியங்கொட்டைன்னு 2011 சென்சஸ்படி பீகாருக்கு 110, தமிழ்நாட்டுக்கு 55 வச்சோம், அருணாச்சலுக்கு ரெண்டே ரெண்டு (நிஜத்துல 17 பேர்தான், கொட்டைய உடைக்கவா முடியும்), பசங்க செம குஷி. ஆனா ஒருத்தன் "அப்போ பீகார் நம்மளவிட பெருசா மிஸ்"னு கேட்டுட்டான். பரப்பளவுல அது நம்மளவிட சின்னது, எவ்ளோ சொல்லியும் பாதி பேருக்கு ஏறல. பரப்பளவையும் சேர்த்து காட்ட என்ன பண்ணலாம்? அடுத்து பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு, அதுக்கும் ஏதாவது கேம் இருந்தா சொல்லுங்க, 40 நிமிஷ பீரியட்தான், ப்ரொஜெக்டர்லாம் கிடையாது.