பழைய பாப், ராக் பாட்டுக்காரர்களும் நம்ம பேட்டையும்: மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்க

பெரம்பூர் லோகோ:

ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த வாரம் என் ஆபீஸ் குரூப் முழுக்க அஞ்சலிதான். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிக் கச்சேரி, 22 அன்று மரணம். பதினேழே நாள். ஆளாளுக்கு ஒரு கதையை எடுத்து விட்டார்கள். எனக்கு ஆஸி பழக்கமில்லை. என்னிடம் இருப்பது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பாடகரின் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1988. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். பின் வரிசையில் ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள், லோகோ டிரைவர். டூட்டி இல்லாத சனிக்கிழமை சாயங்காலம் ரெக்கார்ட் பிளேயரை வராண்டாவுக்குத் தூக்கி வந்துவிடுவார். நாங்கள் நாலைந்து பொடியன்கள் படியில் போய் உட்காருவோம். பாட்டுக்காக இல்லை, ஆன்ட்டி தரும் அச்சு முறுக்குக்காக. அவர்கள் அதை ரோஸ் குக்கி என்பார்கள்.

ஒரு நாள் ஒரு ரெக்கார்டைக் காட்டி, "இவன் நம்ம ஊர்ல பொறந்த பையன் மேன். மெட்ராஸ். பீட்டில்ஸ் குரூப்பையே ரெண்டாவது இடத்துல உட்கார வச்சான்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயசு, வாய் நீளம். "போங்க அங்கிள், ரீல் விடாதீங்க. பேரு வாயிலயே நுழையல, இவரு மெட்ராஸ்காரராம்" என்றேன். பசங்க எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அங்கிள் திட்டவில்லை. ஊசியை எடுத்தார். பாட்டு பாதியில் நின்றது. ரெக்கார்டை இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தில் பிடித்து உறைக்குள் போட்டுவிட்டு, "லேட் ஆயிடுச்சு, வீட்டுக்குப் போ மேன்" என்றார். மணி ஆறுகூட ஆகவில்லை.

1991ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். 2012ல் பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி: ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரிட்டன் சார்பில் பாடப் போகிறவர் 76 வயதுக்காரர், பிறந்தது 1936ல், மெட்ராஸில். போட்டியில் 26 பேரில் 25வதாக வந்தார், அதை விடுங்கள். பீட்டில்ஸ் விஷயமும் நிஜம்தான். 1967ல் இவருடைய 'ரிலீஸ் மீ' பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களை ஏற விடவில்லை. அங்கிள் சொன்ன இரண்டுமே சரி. அவரிடம் இதைச் சொல்ல என் கையில் ஒரு முகவரிகூட இல்லை.

காசிமேடு கேசட்:

பீட்டில்ஸை ஏற விடவில்லை என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி? அந்தத் தட்டில் இரண்டு பக்கமும் முக்கியப் பாட்டு என்றுதான் அவர்கள் வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். அப்புறம், வாயில் நுழையாத அந்தப் பேர் அவருடையதே இல்லை. வீட்டில் வைத்த பேர் அர்னால்ட் ஜார்ஜ் டார்சி. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பது ஒரு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளரின் பேர், மேனேஜர் எடுத்து இவருக்கு வைத்துவிட்டார். ஆகவே நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை.

என் கதை போனி எம் என்ற டிஸ்கோ குழு. 84, 85ல் காசிமேட்டில் எந்தக் கல்யாணமானாலும் குழாய் ஸ்பீக்கரில் போனி எம் வரும், நான் அந்தக் குழுவின் ஆட்டக்காரர் பாபி ஃபாரல் மாதிரி ஆடுவேன். மீன் வலை காய்கிற இடத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினால் பெண் வீட்டார் ரூபாய் குத்துவார்கள். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ரெக்கார்டில் இருக்கும் அந்த ஆண் குரல் ஃபாரலுடையதே இல்லை, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது. அதாவது ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாயசைக்க, அதைப் பார்த்து நான் ஆடியிருக்கிறேன். ஃபாரல் இறந்தது 2010 டிசம்பர் 30, ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். அவர்கள் பாடிப் பேர் வாங்கிய அந்த ரஷ்யச் சாமியார் ரஸ்புடினைக் கொன்றதும் அதே ஊர், அதே தேதி, 1916. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, அது போகட்டும்.

லோகோ சொன்னாரே, அங்கிள் தட்டை உள்ளங்கையால் ஓரத்தில் பிடித்தார் என்று. அதுதான் முறை. விரல் ரேகை படவே கூடாது. கேசட் வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் கடற்காற்று. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள், அது டேப் உரசி ஓடும் ஹெட்டில் ஒட்டி அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும். ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுக்கமான டப்பாவில் கேசட்டோடு போட்டு வையுங்கள். பாட்டு போடுமுன் ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள், ஒட்டிய சுற்றுகள் விடும். ஹெட்டைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, அவ்வளவு போதும். ரப்பர் ரோலரில் அதை அடிக்கடி தடவாதீர்கள், வெடித்துவிடும். டேப்புக்குப் பின்னால் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும், அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கும். பாட்டே போய்விட்டது என்று கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். 120 நிமிஷக் கேசட் மெல்லிசு, இழுத்துக்கொள்ளும், அதை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். மைக் துளையில் சொருகாமல் லைன் இன் துளையில் சொருகுங்கள். வேவ் ஃபைலாக வையுங்கள். எம்பி3 அப்புறம் செய்துகொள்ளலாம்.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்:

என் ஆஸி கதை சின்னது. பாரிமுனைப் பிளாட்பாரத்தில் ஒரு கறுப்பு டீ சர்ட் வாங்கினேன். நடுவில் ஆஸி, கழுத்தில் பெரிய சிலுவை. அம்மா அதைத் துவைத்துக் காயப்போடும்போது சிலுவையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவுக்கு இஸ்திரி போட்டு வைத்து, "இத்தப் போட்டுக்கோ, சாமி சட்டை" என்றாள். மறுக்க மனசு வரவில்லை. தேருக்குப் பின்னால் முழு ஊர்வலமும் வௌவால் தலையைக் கடித்த மனுஷனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் செத்த அன்று அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "நம்ம சாமி சட்டைக்காரரா" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெரம்பூர் லோகோ:

காசிமேடு, நீங்கள் தப்பில்லை என்று சொன்னால் ஆச்சா? அங்கிள் அல்லவா சொல்ல வேண்டும்.

புளியந்தோப்பு டேப்:

எங்கள் பக்கம் பாப் என்றால் மைக்கேல் ஜாக்சன், வேறு ஆளே கிடையாது. 2009 ஜூன் 26 விடியற்காலை டிவியில் சொன்னார்கள். பத்து மணிக்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியாச்சு: கண்ணீர் அஞ்சலி, கீழே எங்கள் டான்ஸ் ட்ரூப் பசங்க பதினோரு பேர் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. மேஜை போட்டு, படம் வைத்து, மாலை, ஊதுவத்தி. ராத்திரி கானா பார்ட்டி வந்து உட்கார்ந்தது. டேப், டோலக் எல்லாம் உண்டு. நம்ம வீட்டுச் சாவுக்குப் பாடுகிற மரண கானாதான், பேரை மட்டும் மாற்றிப் பாடினார்கள்.

பதினோரு மணி இருக்கும், பின் தெரு ஆயா ஒருத்தி தடி ஊன்றி வந்தாள். "இன்னாப்பா, எந்தத் தெரு புள்ள?"

"இந்த ஊரு இல்ல ஆயா. அமெரிக்கா."

"வயசு இன்னா?"

"அம்பது."

"கொழந்தைங்க?"

"மூணு."

"மூணும் சின்னதுங்களா?"

ஆமாம் என்றோம். தடியைக் கீழே போட்டு உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள் பாருங்கள், டோலக் அடித்தவன் கையை நிறுத்திவிட்டான்.

ஆனால் எனக்கு உறுத்துவது ஆயா இல்லை, எங்கள் மாஸ்டர். 96ல் பம்பாய்க்குப் போய் மைக்கேலை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். பேட்டையில் அதற்காகவே அவருக்குத் தனி மரியாதை, டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். ஆயா அழுது முடித்ததும் அவர் கையில் மைக்கைக் கொடுத்து, "மாஸ்டர், நீங்கதான் நேர்ல பாத்தவரு, ரெண்டு வார்த்தை" என்றோம். மைக்கை வாங்கினார். ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். மைக்கை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தோம். அதற்கப்புறம் அவர் டான்ஸ் சொல்லித்தரவே இல்லை. ஒரு வருஷத்தில் பேட்டையை விட்டும் போய்விட்டார்.

காசிமேடு கேசட்:

தலைப்பில் ராக்கும் இருக்கிறது, மைக்கேல் ஜாக்சனையே எழுதினால் எப்படி? அவர் பாப்.

ராயபுரம் மாடி வீடு:

காசிமேடு அண்ணா, மைக்கேலுடைய ஒரு பாட்டுக்கு கிடார் வாசித்தவர் பெரிய ராக் கிடார்காரர் எடி வான் ஹேலன், அதுவும் காசு வாங்காமல். எது ராக் என்று அவரிடம் கேட்டிருக்கலாம், அவரும் 2020ல் போய்விட்டார். இங்கே யாரும் கேசட் சர்வீஸும் கேட்கவில்லை. (ஸ்பாஞ்ச் விஷயம் எனக்கு உதவியது, அதற்கு நன்றி.)

நான் குவீன் ராக் குழுவின் பைத்தியம். அப்பா ஹார்பரில் வேலை, கப்பல்காரர்களிடமிருந்து கேசட் வாங்கி வருவார். அதன் பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி, பஞ்சகனியில் படித்தவர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் மேற்கு மாதா கோயில் தெருவிலேயே பார்சிக் கோயில் இருக்கிறது, 1910ல் கட்டியது. அவர்கள் ஆட்கள் தவிர யாரும் உள்ளே போக முடியாது. தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் காலேஜ் பஸ் பிடிப்பேன்.

1998ல் ஒரு நாள் வெள்ளை உடுப்பு, தலையில் குல்லாய் போட்ட ஒரு தாத்தா வெளியே வந்தார். ஓடிப்போய், "ஃபிரெட்டி மெர்க்குரி உங்க ஆளா?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்ல தமிழில், "யாரு, பல்சாரா பையனா?" என்றார். அந்தப் பேரை யாரும் அப்படிப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. "பேரை மாத்திக்கிட்டான். ஆனா காரியம் எங்க முறைப்படிதான், எங்க குருமாருங்கதான் செஞ்சாங்க" என்றார். அப்புறம், "அவங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எந்தப் பாட்டு எந்த வருஷம், எந்த மேடையில் என்ன சட்டை, எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. தாத்தா தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அம்மா ஜெர் பல்சாரா 2016 நவம்பரில் இறந்தார், 94 வயது. செய்தியைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த கேட் வரை போனேன். யாரிடம் சொல்ல?

பேர் வேண்டாம்:

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஒன்று எழுதிவிடுகிறேன்.

1996 நவம்பர் 1, மும்பை அந்தேரி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ். மைக்கேல் இந்தியாவில் கச்சேரி செய்தது அந்த ஒரு தடவைதான். பேட்டையில் வசூல் பண்ணி என்னை அனுப்பினார்கள். சென்ட்ரலிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸ், அன்ரிசர்வ்டு, கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தாராவியில் சித்தப்பா வீட்டில் இறங்கினேன். வசூலான காசு ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. டிக்கெட் விலையைக் கேட்டதும் சித்தப்பா சிரித்துவிட்டார்.

இருந்தாலும் போனேன். மதிலுக்கு வெளியே நின்றேன். என்னை மாதிரி நிறையப் பேர். பக்கத்தில் ஒருவன் கடலை விற்றுக்கொண்டிருந்தான். உள்ளே டிரம் அடித்தால் இங்கே நெஞ்சில் இடிக்கும். குரல் காற்றில் விட்டு விட்டு வந்தது. மதிலுக்கு மேலே வானம் சிவப்பாகும், வெள்ளையாகும், மறுபடி சிவப்பாகும். ஜனங்கள் கத்தினால் இப்போது எந்த ஸ்டெப் போட்டிருப்பார் என்று கணக்குப் போட்டு, அங்கேயே ரோட்டில் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். சென்ட்ரலில் இறங்கினால் பசங்க மாலையோடு நிற்கிறார்கள். "பாத்தியா?" என்றார்கள். மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. "பாத்தேன்" என்றேன்.

அப்புறம் நான் சொல்லிக்கொடுத்த மூன்வாக், அந்தப் பின்னால் வழுக்கும் நடை எல்லாம் நேரில் பார்த்துக் கற்றது என்று நினைத்தார்கள். வாடகை வீடியோ கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது அது. 83ல் அமெரிக்க டிவியில் அவர் முதலில் செய்து காட்டியது. கடப்பா கல்லில் கேரம் போர்டு பவுடரைக் கொட்டி, சாக்ஸ் போட்டுக்கொண்டு வழுக்கக் கற்றேன். கற்றது பொய் இல்லை. பார்த்தது பொய்.

ஒரு ராத்திரி என் கையில் மைக் கொடுத்தார்கள். எதிரே ஒரு கிழவி, ஊரே தெரியாத ஆளுக்காக நிஜமாக அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை.

புளியந்தோப்பு டேப்:

மாஸ்டர். அந்த கேரம் பவுடர் டப்பா எங்க வீட்லதான் கீது. பாதி மிச்சம் கீது.

காசிமேடு கேசட்:

தம்பி, அதை டெக் பக்கத்தில் வைக்காதே. பவுடர் ஹெட்டில் போய் உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது.