2023, 2024 மளிகை ரசீதுகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வணக்கம். அந்த இரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பேரங்காடியில் அரிசி, வெங்காயம், எண்ணெய் வாங்கிய ரசீதுகளை யாராவது பத்திரப்படுத்தியிருக்கிறீர்களா?

அடுத்த வாரம் எங்கள் வட்டாரத்தில் குடியிருப்பாளர் கலந்துரையாடல். நாடாளுமன்ற உறுப்பினரிடம் நான் கேட்க வேண்டியது இதுதான்: 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்ததும் விலை ஏறியது, 2024 செப்டம்பரில் தடை நீங்கியபின் ஏன் அதே வேகத்தில் இறங்கவில்லை? பொருள் சேவை வரியும் 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 விழுக்காடானது. எது வரி, எது வரத்து, எது கடையின் லாபம் என்று பிரித்துக் காட்ட ஆதாரம் வேண்டும்.

அம்மா ஐந்து கிலோ பச்சரிசிப் பையின் விலையை நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்து வைப்பார். கையில் இருப்பது அவ்வளவுதான். ரசீதுகள் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிட்டன.

குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் கைகொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை தீர்ந்த பிறகும் உலை வைக்கத்தானே வேண்டும்?

படம் எடுத்து அனுப்பினால் போதும். தேதி, எடை, விலை தெரியட்டும். அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) கடை ரசீதுகளும் உதவும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.