குற்ற வழக்கு விசாரணையில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு தவறவிடும் சாட்சியக் குறைகள் எவை?

கேள்வி (எழும்பூரில் பணியாற்றும் இளம் வழக்கறிஞர்):

வணக்கம். 2025-இல் பதிவான ஒரு கொலை முயற்சி வழக்கில் எதிரிக்காக ஆஜராகிறேன். பென் டிரைவில் உள்ள கடையொன்றின் சிசிடிவி பதிவு, நேரில் பார்த்ததாகச் சொல்லும் இரு சாட்சிகள், ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் கைப்பற்றிய கத்தி ஆகியவையே அரசு தரப்பின் பலம். சாட்சியத்தில் நம் தரப்பில் வழக்கமாக விட்டுப்போகும் விஷயங்களை மூத்தவர்கள் எடுத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1:

பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63(4)-இன்படி சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டாம் பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும், பதிவின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ம அடையாளம்) குறிக்கப்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப் படிவத்தையே நிரப்பி இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறை இருந்தால் பென் டிரைவைக் குறியீடு செய்யும்போதே (சான்றாக எண்ணிட்டு ஏற்கும்போதே) ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள். அப்போதே சொன்னால் அரசு தரப்பு சரிசெய்துகொள்ளும் என்று எண்ணிச் சிலர் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு (2020) சொல்வதால் அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனாலும் நான் அதை ஏற்பதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் எழுப்பாத இந்த ஆட்சேபணையை மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது என்று சோனு எதிர் ஹரியானா வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மேலும், திரையில் தெரியும் நேரம் சரியானதுதானா, டிவிஆர் பெட்டியின் (சிசிடிவி பதிவுக் கருவியின்) கடிகாரத்தை யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா, பதிவை நகலெடுத்தது யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இதை யாரும் கேட்பதே இல்லை.

பதில் 2:

என் அனுபவத்தில் அதிகம் விட்டுப்போவது முரண்பாட்டை நிரூபிக்கும் வேலைதான். சாட்சி காவல்துறையிடம் சொல்லாத ஒன்றைக் கூண்டில் சொல்லும்போது, குறுக்கு விசாரணையில் அதைச் சுட்டிக்காட்டுகிறோம். "சொன்னேன்" என்கிறார் சாட்சி. சில மாதங்கள் கழித்துப் புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும் நாளில் அந்தக் கேள்வியை அவரிடம் வைக்க மறந்துவிட்டால், அதுவரை செய்த உழைப்பெல்லாம் வீண். "அ.சா.2 (அரசு தரப்பு இரண்டாம் சாட்சி) தமது வாக்குமூலத்தில் எதிரி கத்தியால் குத்தியதைப் பார்த்ததாக என்னிடம் கூறவில்லை என்றால் சரிதான்" என்ற ஒரு வரி பதிவாக வேண்டும். ஒவ்வொரு சாட்சியின் குறுக்கு விசாரணை முடிந்த அன்றே, அதிகாரியிடம் கேட்க வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதி வழக்குக் கட்டில் வைத்துவிடுங்கள். அந்த வாக்குமூலங்கள் நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தன என்பதையும் நடுவரின் முத்திரையை வைத்துச் சரிபாருங்கள்.

பதில் 3:

கத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒப்புதல் வாக்குமூலம் முழுவதையும் குறியீடு செய்ய விடாதீர்கள். பொருள் கண்டெடுக்கப்பட வழிவகுத்த பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது. 1946-இல் புலுகுரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) வகுத்த விதி இன்றும் பொருந்தும். பிறகு, கைப்பற்றுதல் மகசரின் (சாட்சிகள் முன் எழுதப்படும் குறிப்பின்) தேதி, கத்தி நீதிமன்றத்துக்கு வந்த தேதி, மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குச் சென்ற தேதி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். இடையில் கத்தி யாருடைய பொறுப்பில், எந்த முத்திரையோடு இருந்தது என்பதற்கு ஆவணம் இல்லையென்றால் அதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள். நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105-இன்படி கைப்பற்றலை ஒலி, ஒளிப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலை இப்போதே மனு போட்டுக் கேட்டு வாங்கிவிடுங்கள்.